திங்கட்கிழமை குட்டி போடும் நாய்

அத்தியாயம் 4

மணிலாவை ஒட்டிய பசாய் நகரத்தில் துப்பறிவாளர் கிரிஸ்புலோ டிமாயுகாவைத் தெரியாதவர்கள் யாருமே கிடையாது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரு சலவைக் கடையின் மாடியில் அவருடைய அலுவலகம். கீழே அழுக்குத் துணிகளைக் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்குவார்கள். மேலே மனிதர்களின் கவலைகளை எடை போட்டு வாங்குவது டிமாயுகாவின் தொழில். இரண்டில் கீழேதான் எப்போதும் கூட்டம்.

அன்று சனிக்கிழமை காலை. காணாமல் போன ஒரு பூனையின் புகைப்படத்தை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூனை போன வாரமே தானாக வீட்டுக்குத் திரும்பி வந்து பால் குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற கவலையில்தான் இன்னும் அந்தப் படத்தை விடாமல் வைத்திருந்தார்.

"பாஸ், ஆள் வந்திருக்கு," என்றாள் உதவியாளர் லுஸ்விமிண்டா. அவளை எல்லாரும் மிண்டா என்றுதான் கூப்பிடுவார்கள். "சலவைக்கு வந்த ஆள் வழி தெரியாம மேல ஏறிட்டாங்களோன்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன். இல்லியாம். உங்களைத்தான் பாக்கணுமாம். எனக்கே நம்ப முடியல."

"உள்ளே அனுப்பு. நான் முக்கியமான வேலையில இருக்கேன்னு சொல்லி அனுப்பு."

"பூனைப் படத்தை எடுத்து உள்ள வைங்க, அனுப்புறேன்."

வந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சிவப்புப் பெட்டி ஒன்றைப் படியில் இடித்து இடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. ஜெசெல் பனோபியோ என்று பெயர் சொன்னாள். ஒரு பேக்கரியில் விற்பனைப் பெண். நாற்காலியில் உட்கார்ந்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நான் ரெண்டு தடவை ஆஃப்லோடு ஆயிட்டேன்."

வெளிநாட்டு விமானம் ஏறப் போகிறவரை உள்ளூர் இமிக்ரேஷன் கவுண்டரிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவதற்கு ஊரில் அதுதான் பெயர். மூலவியாதியைப் பற்றிப் பேசுவதுபோல, அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் எல்லாரும் குரலை இறக்கிவிடுவார்கள்.

"எந்த ஊருக்கு?" என்றார் டிமாயுகா.

"ஹாங்காங்."

"அதுக்குத்தான் நமக்கு விசாவே வேண்டாமே!" என்றாள் மிண்டா. "பாஸ்போர்ட், திரும்பி வர டிக்கெட், தங்குற இடம். இது இருந்தா ரெண்டு வாரம் தாராளமா சுத்தலாம்."

"எல்லாம் இருக்குக்கா. அங்க உள்ள விடத் தயாரா இருக்காங்க. இங்கதான் வெளிய விடமாட்டேங்கிறாங்க."

பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அம்மா நெனிதா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். பார்த்து ஐந்து வருடம் ஆகிறது. ஊருக்கு வர விடுமுறை கிடைத்தபோதெல்லாம் டிக்கெட் காசை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். இப்போது முதலாளி குடும்பம் கனடாவுக்குக் குடிபோகிறது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு அடுத்த வாரமே கிளம்புகிறார்கள்.

"அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு சார். நாளைக்கு விட்டா அப்புறம் ஞாயிறே கிடையாது. பேக்கரிக்காரிக்குக் கனடா விசா யாரு குடுப்பா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கு சாயங்காலம் பிளைட். மூணாவது டிக்கெட். இதுக்கு மேல வாங்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"கவுண்டர்ல அம்மாவைப் பத்திச் சொன்னியா?"

"மூச்சே விடல சார். சொந்தக்காரங்க அங்க வேலை பாக்குறாங்கன்னு தெரிஞ்சா, நீயும் வேலைக்குத்தான் போறேன்னு முடிவு கட்டிடுவாங்களாம். எல்லாரும் சொன்னாங்க. சும்மா ஊர் பாக்கப் போறேன்னேன். திரும்பி வருவேன்னு என்ன நிச்சயம்னு கேட்டாங்க. அதுக்கு, தப்பே வராதுன்னு ஒருத்தர் சொல்லிக் குடுத்த பதிலைச் சொன்னேன்."

"என்ன பதில்?"

ஜெசெல் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "என் நாய் திங்கட்கிழமை குட்டி போடப் போகுது மேடம். நான் பக்கத்துல இல்லாட்டி சோறு தண்ணி தொடாது. அதனால ஞாயிறு ராத்திரியே வந்துடுவேன்."

"நாய் பேரு என்ன?" என்று கேட்டாள் மிண்டா.

"நாயே கிடையாதுக்கா."

டிமாயுகா பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தார். "அதுக்கு ஆபீசர் என்ன சொன்னாங்க?"

"ஒலிவெரோஸ் மேடம்னு பேரு. முத்திரையைக் கீழ வெச்சுட்டு என் முகத்தையே பாத்தாங்க. 'ஏம்மா, மணிலாவுல இருக்கிற நாயெல்லாம் திங்கட்கிழமைதான் பிரசவிக்குதா? இந்தக் கவுண்டர்ல நீ எத்தனாவது ஆள் தெரியுமா?'ன்னாங்க. சுற்றுலான்னு சொல்லிப் பொண்ணுங்களைத் திருட்டுத்தனமா வேலைக்கு அனுப்புற கும்பல் எதுவோ உங்களுக்கெல்லாம் பாடம் நடத்துது, அந்த ஆளைக் கொண்டு வந்து நிறுத்து, உன் விஷயத்தை அப்ப யோசிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"கும்பல்!" என்றார் டிமாயுகா. அந்தச் சொல்லை வாயில் வைத்துச் சுவைத்தார். இருபது வருடத் தொழிலில் பூனை, புருஷன், திருட்டுப் போன சைக்கிள் இதற்கு மேல் எதுவும் அவர் வாசலை மிதித்ததில்லை. புருஷன்களில் பாதிப் பேர் சைக்கிளோடு கிடைத்துவிடுவார்கள். இப்போது கும்பல் வந்திருக்கிறது. அவர் எழுந்து தொப்பியைத் தேடினார்.

"தொப்பி மேலதான் உக்காந்திருந்தீங்க," என்றாள் மிண்டா.

"நாய் பதிலைச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"டோலின். பின்தெருப் பார்லர்ல நகம் செஞ்சு விடுற பொண்ணு. அவ போன மாசம் இதே பதிலைச் சொல்லித்தான் ஹாங்காங் போயிட்டு வந்தா."

"அந்த நூலைப் பிடிப்போம்," என்று டிமாயுகா முன்னால் நடந்தார். துப்பறிவாளர் பெட்டி இழுப்பது கௌரவத்துக்கு ஒத்துவராது என்று சிவப்புப் பெட்டியை மிண்டாவிடம் கொடுத்தார். படி முடிவதற்குள் அது அவர் கைக்கே திரும்பி வந்துவிட்டது.

பார்லரில் டோலின் ஒரு பருத்த அம்மாளின் கால் விரல்களை வாளியில் ஊறப் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடியில் ஒரு சாவி வளையம் தொங்கியது. சின்னச் சிவப்பு டிராம் வண்டி. அதன் மேல் ஹாங்காங் என்று தங்க எழுத்து. மேஜையில் சாக்லெட் டப்பா ஒன்று காலியாக இருந்தது.

"ஹாங்காங்லேர்ந்து எல்லாருக்கும் சாமான் கொண்டு வந்தா," என்று கிசுகிசுத்தாள் ஜெசெல். "எனக்கும் ஒரு டிராம் குடுத்தா."

இந்த ஊரில் வெளியூர் போனவர் வெறுங்கையோடு வீடு திரும்பினால் போனதாகவே கணக்கில்லை. அண்டை வீட்டுக் குழந்தை வரைக்கும் ஏதாவது கொண்டு வந்தாக வேண்டும்.

டிமாயுகா குரலைக் கனமாக்கிக்கொண்டார். "டோலின், ஹாங்காங் எப்படி இருந்தது?"

டோலின் வாளியைப் பார்த்தாள். "நல்லா இருந்தது சார். உயரமா இருந்தது."

"எது?"

"எல்லாமே."

"சாப்பாடு?"

"அதுவும்."

மிண்டாவுக்கு இருமல் வந்துவிட்டது. டிமாயுகாவோ இந்தப் பதில்களில் சந்தேகப்பட எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை. ஹாங்காங் எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுவார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவரும் போய்வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றிப் போதையில் இருந்தால் விரிவாகவும், மற்ற நேரங்களில் மிகச் சுருக்கமாகவும் பேசுவது அவர் வழக்கம்.

"இந்த நாய்க் கதை உனக்கு எங்கேர்ந்து வந்தது?"

"ஐயோ, என்னைப் போலீஸ்ல மாட்டி விட்டுடாதீங்க சார். மாங் தெல்மோ சொன்னாரு. மார்க்கெட்ல பன்னிக்கறிக் கடை வெச்சிருக்காரே, அவரு. அவரு சொன்னப்ப அது நாய் இல்ல, பன்னி. 'என் பன்னி திங்கட்கிழமை குட்டி போடப் போகுது, நான் இல்லாட்டி அது சாப்பிடாது'ன்னு சொன்னாராம், உடனே அடிச்சுக் குடுத்துட்டாங்களாம் முத்திரை. நான் நகம் வெட்டுறவ. எனக்கு எங்கேர்ந்து சார் பன்னி வரும்? பொருத்தமா இருக்கட்டும்னு நாயா மாத்திக்கிட்டேன்."

"பொருத்தமான மாற்றம்," என்றாள் மிண்டா. "பூனையா மாத்தியிருந்தா எங்க பாஸே தேடிக் குடுத்திருப்பாரு."

மார்க்கெட்டுக்கு, ஊர்ப் பொதுவண்டியான ஜீப்னியில் போனார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கருவாட்டு வாசனைக்காக டிமாயுகாவை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி யோசனையில் இருப்பதுபோல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே யோசனை வந்துவிட்டது.

"மிண்டா, ஒண்ணு கவனிச்சியா? நாய் பன்னியாச்சு. ஆனா திங்கட்கிழமை மட்டும் அப்படியே இருக்கு."

"கவனிச்சேன் பாஸ். நீங்க ஒண்ணு கவனிச்சீங்களா? டோலின் கண்ணாடியில தொங்குற டிராமும் உங்க சாவிக்கொத்துல தொங்குற டிராமும் ஒரே மாதிரி இருக்கு. ரெண்டுலயும் ஒரு சக்கரம் கோணல்."

"ஹாங்காங் ஒண்ணுதானே. அங்க விக்கிற டிராமும் ஒண்ணுதான்," என்றார் டிமாயுகா. சாவிக்கொத்தை எடுத்துச் சட்டைப் பையின் அடியில் போட்டுக்கொண்டார்.

மிண்டா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாங் தெல்மோவின் கடையில் பன்றித் தலை ஒன்று கொக்கியில் தொங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. தெல்மோ சிரிக்கவில்லை. கத்தியை மரத்துண்டில் கொத்தி நிறுத்திவிட்டு, வந்தவர்களைப் பார்த்ததும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க டிடெக்டிவ் சார். தொடைக்கறியா, விலா எலும்பா?"

"உண்மை," என்றார் டிமாயுகா.

"அது இன்னிக்கு வரல சார்."

"வரவழைக்கிறேன். திங்கட்கிழமை பன்னிக் கதையை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

தெல்மோ ஜெசெலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மிண்டாவைப் பார்த்தார். கடைசியாக டிமாயுகாவைப் பார்த்தபோது தெல்மோவின் முகத்தில் பெரிய குழப்பம் தெரிந்தது. "என்ன சார் இது? நானே சொல்லணுமா?"

டிமாயுகா கையை உயர்த்தித் தடுத்தார். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காக அவர் இருபது வருடம் காத்திருந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். எந்த நாயும் எந்தப் பன்னியும் கிழமை பாத்துக் குட்டி போடாது. ஆனா இந்தக் கதை இத்தனை வாய் மாறியும் திங்கட்கிழமை மாறல. ஏன்? மூலக்கதையில இருந்த பிராணிக்குத் திங்கட்கிழமை நிச்சயமான ஒரு வேலை இருந்திருக்கு. நாள் குறிச்சு வேலைக்குப் போற பிராணி உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான். சண்டைச் சேவல்!"

பக்கத்து மீன்கடைக்காரர் கை தட்டினார். டிமாயுகாவுக்கு உற்சாகம் தலைக்கு ஏறியது.

"திங்கட்கிழமை ஊர்த் திருவிழாவுல சேவல் சண்டை. அதுக்கு அவன் திரும்பி வந்தாகணும். அதான் மூலக்கதை! பெண்டாட்டிக்காகத் திரும்பி வருவேன்னா நம்பாத ஆபீசர்கூட சேவலுக்காகத் திரும்பி வருவேன்னா நம்புவான். இதை யோசிச்சவன் சாதாரண ஆள் இல்ல. மூளைக்காரன். ஆனா வாயை அடக்கத் தெரியாதவன். ஏதோ ஒரு பிறந்தநாள் விருந்துல, பீர் பாட்டிலும் கையுமா, நாலு பேர் கேக்கிற மாதிரி இதைப் பெருமையடிச்சிருக்கான். அனேகமா கையில… வீடியோகே மைக்கைப் பிடிச்சுக்கிட்டு…"

அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்து நின்றது.

"மைக்கைக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்கவே மாட்டேன்னுட்டீங்களே சார்," என்றார் தெல்மோ வருத்தத்தோடு. "என் மச்சான் பிறந்தநாள் அது. அவன் ஒரு பாட்டுகூடப் பாட முடியல."

பன்றித் தலை மட்டும் சிரித்தபடி இருந்தது.

"பாஸ்," என்றாள் மிண்டா மெதுவாக, "உங்க வாழ்க்கையில முதல் தடவையா ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. அதுவும் யாரோட உதவியும் இல்லாம."

ஜெசெல் முன்னால் வந்தாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் டிமாயுகாவுக்குத் தாங்கவில்லை. "அப்ப அது சரியான பதில்தானே சார்? நீங்க அதைச் சொல்லித்தானே போயிட்டு வந்தீங்க? எனக்கு மட்டும் ஏன் பலிக்கல? நான் சொன்ன விதம் தப்பா? எப்படிச் சொல்லணும்னு இப்ப சொல்லிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள கத்துக்கிறேன்."

அந்த நொடியில் நாலைந்து பொய்கள் டிமாயுகாவின் நாக்கு நுனிக்கு வந்தன. எல்லாமே நல்ல பொய்கள். உன் முகத்தில் நம்பிக்கை போதவில்லை என்று சொல்லலாம். சேவலையும் நாயையும் சமமாக வைக்க முடியாது என்று சொல்லலாம். அவள் கையில் பாஸ்போர்ட்டைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார். வெட்கம் காதுவரை ஏறியது.

"நான் போகலம்மா," என்றார்.

"என்ன சார்?"

"ஹாங்காங் போகல. சேவல் கதையைச் சொன்னேன். சேவல் எடை என்னன்னு கேட்டாங்க. வாழ்க்கையில சேவலைக் குழம்புல தவிர வேற எங்கயும் நான் பாத்தவன் இல்ல. எட்டு கிலோன்னேன். வரிசையில நின்னவன் எல்லாம் சிரிச்சான். வெளிய அனுப்பிட்டாங்க." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஊர் பூரா சொல்லிட்டுக் கிளம்பியிருந்தேன். எந்த முகத்தோட திரும்புறது? பக்கத்து மாகாணம் கவித்தேவுல என் சித்தப்பா பையன் வீட்டுல ஜன்னல் திரையைக்கூட விலக்காம நாலு நாள் உக்காந்திருந்தேன். வரும்போது நம்ம மணிலா திவிசோரியா சந்தையில சாக்லெட்டும் அந்த டிராமும் வாங்கினேன்."

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மாங் தெல்மோ கத்தியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். உள்ளே திரும்பி, மனைவி கடையின் பின்பக்கம் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். "நானும் போகல சார்," என்றார். "புலகான்ல அண்ணன் வீட்டுல இருந்தேன். நீங்க டிராம் வாங்கின கடை, இரும்புப் பாலத்துக்குப் பக்கத்துல, மூக்குல மச்சம் இருக்கிற பொம்பளை கடைதானே?"

"அதேதான்."

மிண்டா கைபேசியை எடுத்து டோலினைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மறுபக்கம் டோலின் முதலில் சத்தியம் செய்தாள், பிறகு அழுதாள், அப்புறம் பதங்காஸில் தோழி வீட்டில் இருந்ததாகச் சொன்னாள்.

ஒரு பேட்டையே ஹாங்காங் போய்வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. ஒருத்தர்கூட விமானப் படியை மிதிக்கவில்லை. தோற்றதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தோற்கடித்த பதிலையே வெற்றி மந்திரமென்று ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதில் நன்றாக வாழ்ந்தவர் மூக்கில் மச்சம் உள்ள அந்தக் கடைக்காரம்மா ஒருவர்தான்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று டிமாயுகா மிண்டாவைக் கேட்டார்.

"நீங்க எனக்குக் குடுத்த சாக்லெட்டுல நம்ம ஊர்க் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது பாஸ். கிழிக்க மறந்துட்டீங்க." அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா அந்த ஊரைப் பத்தி நீங்க அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. கெடுக்க மனசு வரல."

டிமாயுகா சிவப்புப் பெட்டியைத் தானாகவே எடுத்துக்கொண்டார். "கிளம்பு. ஆபீசருக்குக் கும்பல் தலைவன் வேணுமாம். கொண்டு போய் நிறுத்துவோம்."

"ஆள் கடத்துறவன்னு உள்ள தள்ளிட்டாங்கன்னா?"

"நீ ஆபீஸைப் பாத்துக்கோ."

"சரி பாஸ். பூட்டிடறேன்."

விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலில், பயணி அல்லாதவர்களைக் காவலர் தாண்டவிடமாட்டார். ஆபீசரை அழைத்து வர ஜெசெல் மட்டும் உள்ளே போனாள். டிமாயுகாவும் மிண்டாவும் வழியனுப்ப வந்த கூட்டத்தோடு தடுப்புக் கம்பியருகே நின்றார்கள். அங்கே ஒரு குடும்பம் அழுதுகொண்டிருந்தது, இன்னொரு குடும்பம் தரையில் உட்கார்ந்து சோறும் கோழிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. ஜெசெலுக்கு முன்னால் சீருடையோடு ஓர் அம்மாள் வந்தார். குள்ளமான உருவம், கூர்மையான கண்.

ஒலிவெரோஸ் மேடம் டிமாயுகாவை ஏற இறங்கப் பார்த்தார். அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. "எட்டு கிலோ!"

"அதே ஆள்தான் மேடம்," என்றார் டிமாயுகா.

"நீங்களா கும்பல்?"

"தலைவனும் நான்தான், கும்பலும் நான்தான். உதவிக்கு ஒரு வீடியோகே மைக் இருந்தது." பிறகு ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சேவல் எப்படிப் பன்றியானது, பன்றி எப்படி நாயானது, யார் யார் எங்கெங்கே ஒளிந்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த குடும்பம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "என் மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. இந்தப் பொண்ணுக்குப் பின்னாடி யாரும் இல்ல மேடம். ஒரு முட்டாளோட பெருமை மட்டும்தான் இருந்தது."

ஒலிவெரோஸ் ஜெசெல் பக்கம் திரும்பினார். "நாய் வேண்டாம். யாரும் சொல்லிக் குடுத்த எதுவும் வேண்டாம். எதுக்குப் போற?"

ஜெசெல் டிமாயுகாவைப் பார்த்தாள்.

"அம்மாவைப் பாக்க," என்றாள். "அங்க வீட்டு வேலை பாக்குறாங்க மேடம். அஞ்சு வருஷமாச்சு. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அப்புறம் கனடா போயிடுவாங்க. எனக்கு வேலைக்கெல்லாம் போகத் தெரியாது மேடம். ரொட்டி விக்கத்தான் தெரியும்."

"அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

மணி வெகுநேரம் அடித்தது. ஏதோ சமையலறைச் சத்தத்துக்கு நடுவே ஒரு தணிந்த குரல் கேட்டது. "என்ன கண்ணு, இந்த நேரத்துல? எஜமானியம்மா வீட்டுல இருக்காங்க."

"நான் இமிக்ரேஷன் ஆபீசர் பேசுறேன்," என்றார் ஒலிவெரோஸ். "உங்க பொண்ணு அங்க எதுக்கு வர்றா?"

மறுபக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"வர்றாளா? எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றது குரல். "ரெண்டு தடவை வர்றேன்னா மேடம். ரெண்டு ஞாயிறும் ஸ்டேஷன் வாசல்லயே இருட்டுற வரைக்கும் நின்னுட்டு வந்தேன். இந்தத் தடவை பயந்து சொல்லாம விட்டுட்டா போல. நிஜமா வர்றாளா? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க மேடம், நான் மனசைத் தேத்திக்கிறேன்."

ஜெசெல் வாயைப் பொத்திக்கொண்டாள். மிண்டா மூக்கை உறிஞ்சினாள். ஒலிவெரோஸ் கைபேசியை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார்.

"வர்றாம்மா," என்றார். "போய் நில்லுங்க."

ஜெசெலின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, தன் கவுண்டருக்கு வரச் சொன்னார். அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கதவருகே பெட்டி காவலரின் காலில் ஏறி இறங்கியது. டிமாயுகாவுக்கு அதைப் பார்க்க மிகவும் சந்தோஷமாக இருந்தது.

உள்ளே போகத் திரும்பிய ஒலிவெரோஸ் நின்றார். "உங்க பதிலைத்தான் இன்னும் நான் கேக்கல. சேவலும் இல்ல, சொந்தக்காரங்களும் இல்ல. அன்னிக்கு நிஜமா எதுக்கு ஹாங்காங் கிளம்புனீங்க?"

டிமாயுகா இந்தக் கேள்விக்கு எதையும் தயார் செய்திருக்கவில்லை. தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"ஊர் சுத்திப் பாக்க மேடம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். படகுல ஏறணும். மலை மேலேர்ந்து ராத்திரி விளக்கையெல்லாம் பாக்கணும். போட்டோ எடுத்துக்கணும். நாலு நாள் இருந்துட்டு வரணும்னு ரொம்ப வருஷமா ஆசை."

"இதையே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே? அந்தக் கவுண்டருக்கு அதுதானே சரியான பதில்?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

ஒலிவெரோஸ் பார்த்தார். சாயம் போன சட்டை, அதன் காலரில் சலவைக் கடைச் சீட்டு, ஓரம் பிரிந்து பசை போட்டு ஒட்டிய ஷூ, நசுங்கிய தொப்பி. பொய் சொல்கிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்துவிட்டதாலோ என்னவோ, அவருக்குப் பொய் வரவில்லை.

"இல்ல சார்," என்றார். "நம்பியிருக்க மாட்டேன்."

டிமாயுகா தலையாட்டினார். ஒலிவெரோஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மிண்டா டிமாயுகாவின் சட்டைக் காலரிலிருந்து அந்தச் சலவைச் சீட்டைக் கிழித்தெடுத்துக் கசக்கிப் போட்டாள்.